உணவோடு சேர வேண்டிய மாத்திரை

டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் நோயாளிகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "செவலமர் மாத்திரையை எப்போது உட்கொள்கிறீர்கள்?" "காலையில் எழுந்தவுடன், மற்ற மாத்திரைகளோடு" என்று சிலர் விடையளிக்கின்றனர். மருந்தைத் தவறாமல் உட்கொண்டும் பாஸ்பரஸ் குறையாததன் காரணம் பல வேளைகளில் அந்த விடையிலேயே இருக்கிறது.

இம்மருந்து இரத்தத்தில் கலப்பதில்லை. குடலிலேயே தங்கி, உணவிலிருந்து பிரியும் பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது. வெறும் வயிற்றில் அது பற்றுவதற்குப் பெரிதாக ஏதுமில்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் செய்யப்படும் டயாலிசிஸ், உணவின் வழியே சேரும் பாஸ்பரஸ் முழுவதையும் அகற்றப் போதாது. இரத்தத்தில் 2.5 முதல் 4.5 மி.கி. வரை இருக்கவேண்டிய பாஸ்பரஸ் நெடுநாள் மிகுந்திருந்தால் தோலில் அரிப்பு தோன்றலாம்; எலும்பு வலுவிழக்கும்; இரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்புச் சத்து படியும்.

செவலமர் மாத்திரை ஈரம் பட்டால் உப்பும் தன்மையுடையது. ஆகவே மெல்லாமலும் பொடிக்காமலும் முழுதாக விழுங்க வேண்டும். லாந்தனம் மாத்திரையோ நன்கு மென்று உண்ண வேண்டியது. இவ்விரண்டின் முறைகளையும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

செவலமர் பித்த அமிலங்களையும் பற்றுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்வதால் எல்.டி.எல். அளவும் குறைகிறது. அதற்காகக் கொழுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டா. எசெட்டிமைப் என்னும் மருந்தும் குடலில்தான் செயற்படுகிறது. ஆனால் அது எதையும் பற்றுவதில்லை, கொலஸ்டிரால் உட்புகும் வழியை அடைக்கிறது. நாளொன்றுக்கு 10 மி.கி. ஒரே வேளையாக, உணவுக்கு முன்போ பின்போ உட்கொள்ளலாம்.

பற்றும் மருந்து பிற மருந்துகளையும் பற்றும். தைராக்சின் உட்கொள்வோர் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரமேனும் விடவேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், மைக்கோபினோலேட் போன்றவை புதிதாக எழுதப்பட்டால் கால இடைவெளியை எங்களிடம் கேட்டறியுங்கள்.

மலச்சிக்கல் இம்மருந்தின் பெருந்தொல்லை. நீரளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களிடம் "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று சொல்லவும் இயலாது. வெட்கப்படாமல் முன்கூட்டியே தெரிவியுங்கள். கடும் வயிற்றுவலியோ வாந்தியோ கண்டால் உடனே வாருங்கள்.

வீட்டார் மாத்திரையைப் பூசையறை அலமாரியில் வைப்பதை விட உண்ணும் இடத்திலேயே வைப்பது நலம். திருமணப் பந்திக்குச் செல்லும்போது சட்டைப்பையில் இருக்கட்டும். உண்டு நெடுநேரம் கழித்து நினைவு வந்தால் அவ்வேளையை விட்டுவிடுங்கள். அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ள வேண்டா.