விமானத்தின் பிறப்பெண்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, ஈயச் சுரங்கங்களும் இரப்பர் தோட்டங்களும் சூழ்ந்த ஈப்போவின் வானில் சிறு விமானங்கள் பறந்தன. 1941இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, மலாயாவின் தொண்டர் விமானப் படை இத்தகைய விமானங்களைப் பயன்படுத்தியது. அவற்றுள் இருவர் அமரும் ‘டைகர் மோத்’ விமானமும் ஒன்று.

போரில் காணாமற்போன ஒரு விமானத்தை எவ்வாறு அடையாளம் காண்பது? உடற்பகுதியில் எழுதப்பட்ட பதிவுக் குறி நாட்டுக்கு நாடு மாறும். மலாயாவில் ‘விஆர்-ஆர்’ எனத் தொடங்கிய குறி, பின்னர் ‘9எம்’ ஆனது. தொழிற்சாலை இட்ட தயாரிப்பு எண்ணோ, பிறப்புச் சான்றிதழ் எண்ணைப் போல மாறாதது. அதனால், ஆய்வாளர்கள் முதலில் அதையே தேடுவர்.

எனினும், கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் மொத்த உற்பத்தி கிடைத்துவிடாது. பிரிட்டனில் போருக்கு முன் 3,000 வரிசையில் இருந்த எண்கள், போர்க்காலத்தில் 80,000 வரிசைக்குத் தாவின. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இவ்விமானம் தயாரிக்கப்பட்டது. உருவான மொத்த விமானங்களோ 9,000க்கும் குறைவே.

ஆகவே, ஒவ்வோர் எண் வரிசையையும் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். எண்கள் தடயம் தரும்; அவற்றைச் சரிபார்த்த பின்னரே உண்மை புலப்படும்.