கத்தி வைக்காவிட்டால் கூடுமா? – நிரந்தரக் கருத்தடை பற்றி ஒரு விளக்கம்

 



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும், நம் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மூணு பிள்ளை ஆயிடுச்சு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கூடாதுன்னு தெரியும். கத்தி வைக்காம, உள்ளே மருந்து வச்சே நிரந்தரமா அடைச்சிடலாமாமே, அது கூடும்தானே?" என்றார். "உங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "இன்னும் அவகிட்ட பேசல ஹஜ்ரத்" என்றார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. எனக்கு அதில் இரண்டு தெரிந்தன.

முதலாவது, கத்தி. சட்டம் கத்தியைப் பார்த்து வந்ததல்ல. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹாஷியத்துல் பாஜூரீயை எடுத்துப் பாருங்கள். கருவைத் தாமதப்படுத்தும் பொருளைப் பெண் பயன்படுத்துவது மக்ரூஹ், கருத்தரிப்பை அடியோடு அறுத்துவிடும் பொருளைப் பயன்படுத்துவது ஹராம் என்று அதில் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பாஜூரீ இமாம் 19-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்தவர். இன்றைய கருக்குழாய் அறுவை சிகிச்சையை அவர் பார்த்ததில்லை. மருந்துகளை மனதில் வைத்துத்தான் எழுதினார். அதாவது, இந்தச் சகோதரர் புதிது என்று நினைத்துக் கேட்டதுதான் கிதாபில் முதலில் இருக்கும் மஸ்அலா!

நபித்தோழர்கள் அஸ்ல் செய்தார்கள், அது தடுக்கப்படவில்லை என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிமில் உள்ளது. மனைவியரைப் பிரிந்து போர்ப் பயணத்தில் இருந்தவர்கள் விதை நீக்கிக்கொள்ளலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் புகாரீயில் உள்ளது. முந்தையது தற்காலிகம், பிந்தையது நிரந்தரம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988-ல் குவைத்தில் கூடியபோதும் இதே அடிப்படையில்தான் முடிவெடுத்தது. நிர்ப்பந்தம் இல்லாமல் ஆணோ பெண்ணோ கருவளத்தை நீக்கிக்கொள்வது ஹராம். தேவை இருந்து, இருவரும் மனம் ஒப்பி, தீங்கில்லாத வழியில் தற்காலிகமாகத் தள்ளிப்போடலாம்.

இனி அந்த மருந்து. அதன் பெயர் குயினாக்ரின். மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. அதைச் சிறு வில்லைகளாக்கி, காப்பர்-டி வைப்பதுபோலக் குழல் வழியாகக் கருப்பைக்குள் வைப்பார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வைப்பார்கள். கருக்குழாய் தொடங்கும் இடத்தை அது புண்ணாக்கும். புண் ஆறித் தழும்பாகும்போது வழி அடைபடும். கத்தி இல்லைதான், ஆனால் புண் இல்லாமல் இல்லை. வியட்நாமில் 1989 முதல் 31,781 பெண்களுக்கு இப்படி வைத்த விவரம் 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நச்சுத்தன்மை சோதனைகள் முடியும்வரை பெண்களுக்கு வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அடுத்த ஆண்டே சொன்னது.

நம் நாட்டிலும் அனுமதி பெறாமல் ஏழைப் பெண்களுக்கு வைத்தார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கமும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1998-ல் கருத்தடைக்காக அதைப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தது. வெளிநாட்டில் எஷ்யூர் என்ற உலோகச் சுருள் வந்தது. 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதன் விற்பனை, வலி, கருப்பையில் துளை என்று ஆயிரக்கணக்கான பெண்கள் புகார் சொன்ன பிறகு, 2018 இறுதியோடு அங்கே நின்றது.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பாரமாக இருந்தது: "இன்னும் அவகிட்ட பேசல."

நம் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குபவரின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பாராம். தங்கை விதவையாகக் கூடாது என்ற கவலை அவருக்குத்தானே இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கீழே இருப்பவர் அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். மேலே இருப்பவர் தன் இஷ்டத்துக்கு இழுப்பதற்கல்ல அந்தக் கயிறு.

பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனம் ஒப்பிச் செய்யும்படி பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. பால் நிறுத்துவதற்கே அப்படியென்றால், அவள் உடம்பில் ஒன்றை வைப்பதற்கு?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று சிசேரியன் முடிந்து, அடுத்த கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று நம்பகமான மருத்துவர்கள் சொன்ன ஒரு சகோதரி, பாவம் சேர்ந்துவிடுமோ என்று அழுதார். அது நிர்ப்பந்தம். அவருக்குக் கருக்குழாய் அறுவை சிகிச்சை கூடும், குற்றமில்லை. அங்கே கத்தி இருந்தும் கூடும். இங்கே கத்தி இல்லாமலும் கூடாது. அப்படிப்பட்ட பெண்ணைக் குத்திப் பேசும் மாமியார்கள் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும்.

மற்றவர்களுக்கு வழி அடைபடவில்லை. காப்பர்-டியில் பத்து ஆண்டு தாங்கும் வகை இருக்கிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராது, மருத்துவரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். ஆணுறையும் இருக்கிறது சகோதரர்களே! அஸ்லே ஆணின் பொறுப்பாகத்தானே இருந்தது?

அந்தச் சகோதரரை வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இதுபோன்ற கேள்விகளை என்னிடம் கேட்கக் கூச்சப்படும் சகோதரிகள், அஸருக்குப் பிறகு என் வீட்டாரிடம் கேட்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.