பறவைக் காய்ச்சல்: வீட்டுத் தண்ணீரும் தோட்டமும்



2024 ஏப்ரலில் அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்தது. மனிதருக்கு இது தொற்றுவது அரிது. பெரும்பாலும் நோயுற்ற பறவையைத் தொட்டவர்களுக்கே தொற்றுகிறது. ஆனால் கிருமி பறவையின் எச்சத்தில் இருக்கும். குளிர்ந்த நீரில் பல நாள் உயிரோடிருக்கும். ஒளூ செய்யும்போது தண்ணீரை வாயிலும் மூக்கிலும் செலுத்துகிறோம். எனவே நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தண்ணீர்: மொட்டைமாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடி வைப்போம். தொட்டியில் எச்சம் விழுந்தால் நீரை வெளியேற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் தேய்த்து, நன்றாக அலசிய பிறகே நிரப்புவோம். குடிநீரைக் கொதிக்க வைப்போம்.

தோட்டம்: மக்காத கோழி எருவைச் செடிக்குப் போட வேண்டாம். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். நீர் தெளித்து நனைத்தபின் அள்ளுவோம். பிறகு சோப்பால் கை கழுவுவோம். கீரையை நன்றாக அலசிச் சமைப்போம்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நன்மையான காரியம். அந்தச் சட்டியைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைத்துத் தினமும் கழுவுவோம். அருகில் பறவை செத்துக் கிடந்தால் பிள்ளைகளைத் தொடவிடாமல், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வோம். சில நாள் சட்டியையும் எடுத்துவிடுவோம்.

நன்றாக வெந்த கோழியும் முட்டையும் சாப்பிடலாம், பயம் வேண்டாம்.

முயற்சி நம்முடையது, பாதுகாப்பவன் அல்லாஹ்.