அலாய் வீல்: எந்த அளவு?

கேள்வி: என் ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 டயர். 16 இஞ்ச் அலாய் போடலாமா?
- வாசகர், திருத்தங்கல்

பதில்: வேண்டாம், 15 போதும். ரிம் பெரிதானாலும் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறக் கூடாது; மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். அகலம் 165-இல் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., உங்கள் டயரின் பக்கச்சுவர். அதை இரட்டித்து, ரிம்மின் 356-ஐக் கூட்டினால் 620. ஸ்விஃப்டின் உயர்ரக மாடலில் வரும் 185/65 ஆர்15 டயருக்கு 621.5, கச்சிதம். 195/55 ஆர்16 டயரும் 621தான். ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.தான் மிஞ்சும். சிவகாசி ரோட்டில், பட்டாசு லோடு லாரிகளுக்குப் பின்னால் போகும்போது பள்ளம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். இறங்கினால் ரிம் நெளிந்துவிடும்.

நான்கு நட்டுக்கு 100 மி.மீ. பி.சி.டி. (நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) பார்த்து வாங்குங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் ஹப் ரிங் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டியரிங் அதிரலாம். டயரின் சுமை எண் பழையதைவிடக் குறையவே கூடாது.