அச்சமும் உடம்பின் அரணும்

"அஞ்சாதே" என ஒருவனுக்குச் சொல்லுதல் எளிது. அச்சொல் செவியிற் புகுந்தும் உடம்பிற் புகாமைக்குக் காரணம் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம். இவ்வாராய்ச்சியில் எம்மைச் செலுத்தியது எமது பிழையொன்றேயாம்.

எம்மிடம் தருக்கம் பாடங்கேட்ட மாணாக்கன் ஒருவன், உடன் பயில்வாரோடு குளக்கரையிலிருந்து பேசுங்கால், அனுமான உறுப்பு ஐந்தனையும் தடையின்றி விளக்குவான். எம்முன் வந்து நின்றாலோ நா வறளும், கை குளிரும், ஏது இன்னதென்று கூறவும் மாட்டான். யாம் அதனை மந்தபுத்தி எனத் துணிந்து குரலை உயர்த்தினோம். நா மேலும் வறண்டதேயன்றி விடை வந்திலது.

அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலே பயின்ற வால்டர் கானன் என்பார், 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிரைக் கொண்டு, உணவுண்ட பூனையின் இரைப்பை அசைவுகளைச் சில ஆண்டுகளாக நோக்கி வந்தார். பூனை கலக்கமுற்றபோது, அலைபோற் சென்ற அவ்வசைவு நின்றது, அமைதியுற்றபின் மீண்டது. இதன் காரணத்தை 1915இல் வெளியான தம் நூலில் அவர் விரித்துரைத்தார். இடர் தோன்றின் பரிவு நரம்புகள் எழுச்சியுறும், அட்ரினல் சுரப்பி தன் சாரத்தைக் குருதியிற் கலக்கும், இதயம் விரையும், குருதி குடலை விட்டுத் தசைகட்கு ஓடும், வாய்நீர் குன்றும். இவையெல்லாம் எதிர்த்துப் பொருதற்கோ ஓடி உய்தற்கோ ஆவன. உண்டது செரித்தலும் கற்றது நினைவுகூர்தலும் அவ்வேளைக்கு உரியனவல்ல. எம் மாணாக்கனது நா வறண்டமை இதனால் விளங்கும்.

அற்றேல், 'இஃது இடர்' எனப் புத்தி நிச்சயித்த பின்னரன்றோ அச்சம் எழும். ஆகலின் புத்திக்கு அறிவுறுத்தலே மருந்தாகாதோ எனின், அற்றன்று. ஜோசப் லெடூ என்பார் 1980ஆம் ஆண்டுகளிற் செய்த சோதனைகளில், ஒலியறிதற்குரிய மூளைப்புறணி நீக்கப்பட்ட எலிகளும், துன்பத்தோடு சேர்த்துப் பழக்கப்பட்ட ஒலி கேட்டவழி அசைவற்று உறைந்தன. மூளையினுள்ளே அமிக்டலா என்னும் சிறு பகுதிக்கு அச்செய்தி வேறொரு குறுக்குவழியாகவும் செல்லுதலே காரணம். ஆராய்ந்து துணிதற்கு முன்னரே உடம்பு தன்னைக் காக்கத் தொடங்கிவிடுகின்றது. பிற்காலத்தில் அவரே, உடம்பின் இத்தற்காப்பு வேறு, அச்சமென்னும் அனுபவம் வேறு என வற்புறுத்தினார். கருவி வேறு, நுகர்வோன் வேறு எனக் கொள்ளும் நம்மனோர்க்கு இப்பாகுபாடு இனிக்கும். ஆயினும் அவர் ஆன்மாவை நாட்டப் புகுந்தாரல்லர். அவர் கூற்றை நம் கொள்கைக்குச் சான்றாக இழுத்தல் நேர்மையன்று.

இனி, உடம்பு எதனைத் தனக்கு அரணாகக் கொள்ளும்? மூச்சை மெல்ல நீள விடுங்கால் வேகஸ் நரம்பின் வழியே இதயம் தணிதல் பலரும் அறிந்தது. அதனினும் சிந்திக்கத்தக்கது 2006இல் ஜேம்ஸ் கோன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. மணமான பெண்டிர் 16 பேரை மூளைப்படக் கருவியுட் கிடத்திச் சிறு மின்னதிர்ச்சி நேரலாம் என்னும் குறிப்பைக் காட்டினர். அவர் கணவர் கையைப் பற்றியிருந்தபோது, இடருக்கு எழும் மூளைக் கிளர்ச்சி, தனித்திருந்தபோதினும் குறைந்தது. அயலார் கை அத்துணை உதவிற்றிலது. இல்லறம் இனிது நடப்பார்மாட்டு அக்குறைவு மிக்கிருந்தது. பதினறுவரை மட்டும் கொண்டு முடிந்த முடிபு கூறலாகாது. எனினும் அங்கே உதவியது அறிவுரையன்று, ஒரு கை. கூத்தப்பிரான் திருவுருவிலும் அபயம் கையாலன்றோ காட்டப்படுகின்றது!

பின்னொருநாள் அம்மாணாக்கனை எம்முன் நிற்கவைத்திலோம். அருகில் அமரச் செய்து, அவன் நன்கறிந்த பாடத்தையே மெல்ல வினாவினோம். இருமுறை தடைப்பட்டான், யாம் வாளாவிருந்தோம். மூன்றாம் முறை 'இம்மலை நெருப்புடைத்து' எனத் தொடங்கிப் புகையை ஏதுவாகவும் அடுக்களையை எடுத்துக்காட்டாகவும் கூறி, நிகமனம்வரை நில்லாது சென்றான்.