ரிச்சர்ட் மியூல்பெல்ட் என்னும் கிளாரினெட் வித்துவான்

மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றிப் பேசுமிடத்து, உருப்படிகளை இயற்றினாரையும் வாத்திய கோஷ்டியை நடத்தினாரையுமே நாம் பெரும்பாலும் நினைக்கின்றோம். நடுவரிசையில் அமர்ந்து, தம் முறை வருமளவும் தாளத்தை எண்ணிக் காத்திருந்து, சிறிது நேரம் ஊதிவிட்டு மீண்டும் மௌனமாகும் வாத்தியக்காரரை யாரும் கருதுவதில்லை. அன்னோருள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டு ஆராய்வோம்.

ரிச்சர்ட் மியூல்பெல்ட் 1856-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள சால்சுங்கன் என்னும் ஊரிற் பிறந்தார். 1873-இல், தமது பதினேழாம் பிராயத்தில், மைனிங்கன் பிரபுவின் அரண்மனைக் கோஷ்டியிற் சேர்ந்தார். சேர்ந்தது பிடில் வாசிப்பவராகவே. கிளாரினெட்டைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்று, 1879-இல் அக்கோஷ்டியின் முதற் கிளாரினெட்காரரானார். 1884 முதல் 1896 வரை பைராய்ட் நகரத்து வாக்னர் விழாவிலும் அப்பதவியே வகித்தார்.

கிளாரினெட் நம்மவர்க்குப் புதிதன்று. பாண்டு வாத்தியத்திலும், முற்காலத்துச் சதிர்க் கச்சேரியிலும் அது பயின்றதே. ஆயினும் அதன் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நாகசுரச் சீவாளியில் இரு பக்கங்கள் ஒன்றோடொன்று கூடி அதிரும். கிளாரினெட்டிலோ ஊதுவாயிற் கட்டிய ஒற்றை நாணலே அதிர்வது. புல்லாங்குழலை அழுத்தி ஊதினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலேறும். கிளாரினெட் அங்கு நில்லாது, அதற்கும் மேலுள்ள பஞ்சமத்துக்குத் தாவும். ஆதலின் கீழ்ப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் விரலிடும் முறை வேறுபடுவதோடு ஒலியின் தன்மையும் வேறுபடும்: கீழே இருண்டு கனத்த குரல், மேலே தெளிந்த குரல். இவ்விரண்டையும் இடையில் மடிப்புத் தோன்றாதபடி இணைத்தலே இவ்வாத்தியத்தின் அருமை.

இனி, நமது விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். ஜோஹன்னஸ் பிராம்ஸ் 1890-இல் ஒரு தந்தி வாத்திய ஐவரிசையை முடித்து, இனிப் புதிதாக இயற்றுவதில்லை என்னும் கருத்துடையராயிருந்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பத்தேழு. 1891 மே மாதத்தில் மரண சாசனமும் எழுதினார். ஆனால் அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், மைனிங்கன் சென்றிருந்தபோது மியூல்பெல்ட் வாசித்த வேபரின் கச்சேரி உருப்படியையும் மோட்ஸார்ட்டின் ஐவரிசையையும் கேட்டிருந்தார். இவரினும் அழகாகக் கிளாரினெட் ஊத இயலாதென்று கிளாரா ஷூமன் அம்மையாருக்கு எழுதினார். இதில் நாம் ஒன்று கவனித்தல் வேண்டும். அவர் 1885-இல் தமது நான்காம் சிம்பனியை முதன்முதல் நடத்தியது இதே கோஷ்டியைக் கொண்டுதான். பழகிய கோஷ்டியிலிருந்த ஒருவரது தனிக்குரலின் முழு அருமையும் விளங்க ஆறு ஆண்டுகள் சென்றன போலும்.

அவ்வேனிலில் ஆஸ்திரியாவிலுள்ள இஷ்ல் என்னும் ஊரில் தங்கி, மியூல்பெல்ட்டுக்கென ஒரு மூவரிசையும் ஓர் ஐவரிசையும் பிராம்ஸ் இயற்றினார். இரண்டும் டிசம்பரில் பெர்லினிற் பொதுமக்கள் முன் அரங்கேறின. ஐவரிசையில் புகழ்பெற்ற யோவாகிம் குழுவினர் உடன் வாசித்தனர். 1894-இல் இரண்டு சொனாட்டாக்கள் பிறந்தன. அவற்றின் கையெழுத்துப் பிரதிகளைப் பிராம்ஸ் மியூல்பெல்ட்டுக்கே அளித்துவிட்டார். விளையாட்டாக அவரைக் 'குமாரி கிளாரினெட்' என்றழைப்பதும் உண்டு!

பிராம்ஸ் 1897-இல் மறைந்தார். மியூல்பெல்ட் 1907-இல் மைனிங்கனிற் காலஞ்சென்றார். அவர் ஊதிய, மியூனிக் நகரத்து ஒட்டென்ஸ்டைனர் செய்த மரக்கிளாரினெட்டுகள் அவ்வூர்க் காட்சிச்சாலையில் உள. அவர் வாசிப்பை நாம் கேட்பதற்கு இசைத்தட்டு ஒன்றேனும் இல்லை. அவ்வொலி எத்தகையதென்று அறிய விரும்புவோர் அந்த ஐவரிசையின் இரண்டாம் பகுதியைக் கேட்க வேண்டும். பிடில் முதலிய நான்கும் ஒலியடக்கி வாசிக்க, கிளாரினெட் முதலில் அவற்றோடு ஒன்றி நடந்து, பின்பு, முன்கட்டின்றி ஆலாபனை செய்வார் போலத் தனித்தெழுந்து மேலும் கீழும் உலாவி, மெல்லத் திரும்பி அவற்றோடு அடங்குகின்றது.