சுவரை இடிக்கும் முன் இன்ஜினியருக்குப் பணம் எடுத்து வையுங்கள்

ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கணக்குப் போடும்போது டைல்ஸ், பெயின்ட் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குவோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு மட்டும் ஒதுக்க மாட்டோம். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் கனமழையில் வீட்டுச் சுவர் இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஊறிப்போன சுவர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. அதைக் கணிக்கத் தெரிந்தவருக்கான செலவை முதல் வரியில் எழுதுங்கள்.

1. மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள்.

2. கட்டணத்தை மொத்தமாகப் பேச வேண்டாம். வந்து பார்ப்பதற்கு, சோதனைகளுக்கு, கம்பி விவரத்துடன் வரைபடம் போடுவதற்கு, வேலை நடக்கும்போது மேற்பார்வைக்கு எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். செலவைக் குறைக்கப் பலர் மேற்பார்வையைத்தான் விடுகிறார்கள். அது தவறு. கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டும் முன் அவர் ஒருமுறையாவது வந்தே ஆக வேண்டும். ஜி.எஸ்.டி. தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. போர்வெல் தண்ணீரைச் சோதிக்கப் பணம் ஒதுக்குங்கள். நம் பகுதிக்கு இது மிக முக்கியம். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு, பல பத்தாண்டுகளாகத் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையில் இறங்கியிருக்கிறது. 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பி, தளத்தை உள்ளிருந்தே பிளக்கும். ஐ.எஸ். 456:2000 விதிப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளியிலிருந்து தண்ணீர் வாங்கும் செலவைச் சேருங்கள். லாரியில் வருவதும் ஏதோ ஒரு கிணற்றுத் தண்ணீர்தான், அதையும் சோதியுங்கள். கான்கிரீட்டை நனைத்துப் பதப்படுத்தவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

4. தளத்தின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறதா? மேலே பூசி மறைக்காதீர்கள். ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் போன்ற சோதனைகளைத் தளத்தை உடைக்காமலே செய்யலாம். வேலூர்ப் பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் விசாரித்துப் பாருங்கள்.

5. மாடி எழுப்புவதானால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கவும் மண் பரிசோதனைக்கும் பணம் வையுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவரை 10 அடி உயரம் எழுப்பினால், ஒவ்வோர் அடி நீளத்துக்கும் சுமார் 400 கிலோ எடை ஏறும். 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். இவ்வளவும் கீழ்த்தளச் சுவர் மீதுதான் இறங்கும்.

6. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீட்டில் பெரும்பாலும் பில்லர் இருக்காது. சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க நினைத்தால், பீம் போடும் செலவையும் வேலை முடியும்வரை கூரைக்கு முட்டுக் கொடுக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

7. பழைய வரைபடம், விரிசல்களின் போட்டோ, மழையில் ஒழுகும் இடங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்தால், இன்ஜினியர் வரும் தடவைகள் குறையும்.

8. 10 லட்சம் கையிலிருந்தால், எதிர்பாராத செலவுக்கு 1 லட்சமாவது தொடாமல் வையுங்கள். பூச்சைக் கொத்தியெடுத்து, உள்ளே இருப்பதை இன்ஜினியர் பார்த்து முடிக்கும்வரை டைல்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.